டிக்கிக் கதவும் தூக்குப் பாலமும்

போன புரட்டாசியில், மகாளய அமாவாசைக் கூட்டம் வடிந்து மூன்றாம் நாள், ராமேஸ்வரத்தில் என் காரின் டிக்கிக் கதவு திறக்க மறுத்தது. சாவியில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் இரண்டு முறை பீப் அடிக்கும். பூட்டு விடுபடும் ‘டக்’ சத்தம் கேட்கும். கதவு ஒரு சாண் மேலே ஏறும். அப்புறம் என்ன நினைத்துக்கொள்ளுமோ, நின்று, மறுபடி பீப் அடித்து, மெதுவாக இறங்கித் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். ஐந்தாறு முறை அழுத்திப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அதே ஒரு சாண்.

உள்ளே அப்பாவின் சக்கர நாற்காலி இருந்தது.

அக்னி தீர்த்தத்துப் பக்கம் வண்டி நிறுத்துமிடத்தில் மதிய வெயில். அப்பா முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். இரண்டு முழங்காலும் போய்விட்ட மனிதர். நாற்காலி வராமல் அவரால் காரைவிட்டு இறங்க முடியாது. நான் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தேன். ஒருவர் பேட்டரியைக் கழற்றி மாட்டச் சொன்னார், இன்னொருவர் முழுக் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் மாற்றச் சொன்னார். அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர். கண்ணாடியை இறக்கிவிட்டு அங்கிருந்தே கேட்டார்:

“ஏன்டா, அதுக்குத் தூக்கத் தெம்பு இல்லையா? இல்ல, தூக்க வேணாம்னு உத்தரவு வருதா?”

நான் பன்னிரண்டு வருடமாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். பழுது பார்ப்பதைப் பற்றி நான் படித்த எதையும்விட இந்தக் கேள்வி சுருக்கமாக இருந்தது. ஓர் இயந்திரம் நின்றால் அதற்கு இரண்டு காரணங்கள்தான். முடியாமல் நிற்பது ஒன்று. கூடாது என்று நிற்பது இன்னொன்று. பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

பின் சீட்டை மடக்கி, தவழ்ந்து டிக்கிக்குள் போய், கதவின் உள்பக்க பிளாஸ்டிக் மூடியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினேன். அவசரத்துக்கென்று வைத்திருக்கும் சின்ன நெம்புகோல் கையில் பட்டது. தள்ளியதும் பூட்டு விட்டது. கதவைத் தோளால் முட்டித் தூக்கினேன். பொத்தானுக்கு இறகு மாதிரி எழும்பும் கதவு, கைக்கு அம்மிக்கல் மாதிரி கனத்தது. நாற்காலி வெளியே வந்தது. அப்பா தீர்த்தக் கரைக்குப் போனார்.

திரும்பும் வழியில் பாம்பன் சாலைப் பாலத்தில் வரும்போது, வடக்கே இரண்டு ரயில் பாலங்களும் தெரிந்தன. அப்பா புதிய பாலத்தின் இரண்டு கோபுரங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். ஆகஸ்டில் அந்தத் தூக்குப் பாலம் இறங்காமல் நின்றுபோய், ரயில்கள் காத்துக்கிடந்த செய்தியை அவரும் படித்திருந்தார்.

“அதுவும் உன் டிக்கி மாதிரிதானே?” என்றார்.

சிரித்துவிட்டு வண்டியை ஓட்டினேன். சென்னைக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. இந்தக் கட்டுரை அதனால்தான்.

*

கடலுக்கு நடுவில் எதற்குக் கதவு?

பாம்பன் தீவுக்கும் மண்டபத்துக்கும் இடையில் இருக்கும் நீர், சுமார் இரண்டு கிலோமீட்டர் அகலம். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. இந்த இடுக்கு வழியாகச் சின்னக் கப்பல் ஒன்று புகுந்து போனால், இலங்கையைச் சுற்றிக்கொண்டு போகும் பயணம் மிச்சம். ஆனால் அடியில் பாறை, மேலே மணல். பிற்பாடு கல்லணையிலும் கோதாவரியிலும் பேர் வாங்கிய ஆர்தர் காட்டன், 1820களின் தொடக்கத்தில் இளம் பொறியாளராக இங்கே வந்து இந்தக் கால்வாயை அளந்தவர். 19ஆம் நூற்றாண்டு நெடுக இந்த வழியைத் தோண்டி ஆழப்படுத்தும் வேலை விட்டு விட்டு நடந்தது. ஆக, ரயில் வருவதற்கு முன்பே இங்கே கப்பலுக்கு வழி உண்டு.

பிறகு ரயிலுக்கும் அதே இடம் தேவைப்பட்டது. அப்போது சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் தூத்துக்குடி வரை ரயிலில் போய், அங்கிருந்து நீராவிக் கப்பல் ஏறுவார்கள். தனுஷ்கோடி வரை தண்டவாளம் போட்டுவிட்டால், அங்கிருந்து தலைமன்னார் சிறிது நேரக் கடல் பயணம்தான். 1911இல் பாம்பன் பாலத்தின் வேலை தொடங்கியது. 1914 பிப்ரவரி 24 அன்று பாலம் திறக்கப்பட்டது. ‘போட் மெயில்’ என்று நம் தாத்தாக்கள் சொன்ன ரயில், இந்தப் பாலத்தின் மேல்தான் தனுஷ்கோடிக்குப் போனது. தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொண்டுபோனதும் இந்தப் பாதையில்தான்.

பாலம் சுமார் 2,065 மீட்டர். கடல்மட்டத்திலிருந்து அதிக உயரமில்லை. கப்பல் அடியில் நுழைய முடியாது. அதனால் நடுவில் ஓரிடத்தில் பாலமே திறந்து வழிவிட வேண்டும். இதில் ஒரு சிக்கலை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கதவு திறந்திருந்தால் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பாம்பன் கதவு அப்படியில்லை. கப்பலுக்குத் திறந்தால் ரயிலுக்கு மூடல். ரயிலுக்குத் திறந்தால் கப்பலுக்கு மூடல். அது எந்த நிலையில் நின்றுபோனாலும் யாரோ ஒருவர் வெளியே காத்திருக்க வேண்டும்.

*

நம் பத்திரிகைகளில் ‘ஜெர்மன் பொறியாளர் ஷெர்ஜர் வடிவமைத்த தூக்குப் பாலம்’ என்று பல வருடமாக எழுதி வருகிறார்கள். இதைத் திருத்திக்கொள்வது நல்லது. வில்லியம் ஷெர்சர் அமெரிக்கர். இல்லினாய் மாநிலத்தில் பிறந்து சிகாகோவில் வேலை பார்த்தவர். பாம்பன் பாலத்தை அவர் பார்த்ததில்லை. பார்த்திருக்கவும் முடியாது. 1893இல், 35 வயதில் இறந்துவிட்டார். அவருடைய காப்புரிமை கைக்கு வந்தது அதே ஆண்டு டிசம்பரில், அவர் இறந்து சில மாதம் கழித்து. அவர் வடிவமைப்பில் முதல் பாலம் சிகாகோ ஆற்றின் மேல் 1895இல் திறந்தது. தம்பி ஆல்பர்ட் ஷெர்சர் கம்பெனியை நடத்தி, அந்த வடிவமைப்பை உலகம் முழுக்கக் கொண்டுபோனார். அப்படி வந்ததுதான் பாம்பன். இரும்பு வேலை இங்கிலாந்தின் ஹெட் ரைட்சன் கம்பெனியுடையது.

ஷெர்சர் செய்தது என்ன? லண்டன் டவர் பிரிட்ஜ் மாதிரியான பாலத்தில், தூக்கப்படும் இலை ஓர் அச்சில் மாட்டப்பட்டு, கதவு கீலில் திரும்புவதுபோல் திரும்பும். ஷெர்சர் அச்சை எடுத்துவிட்டார். இலையின் அடிப்பகுதியை வளைவாகச் செய்து, ஆடும் நாற்காலியின் கால் போலத் தரையில் உருளவிட்டார். நாற்காலியில் சாய்ந்தால் முன்பக்கம் எப்படி எழும்புமோ, அப்படி இலை எழும்பும். எழும்பும்போதே பின்னாலும் நகரும். அதனால் கப்பலுக்குக் கிடைக்கும் வழி இன்னும் கொஞ்சம் அகலமாகும். பின்பக்கம் எதிர்எடை. கிணற்றில் ஏற்றம் இறைத்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பாம்பனில் இப்படி இரண்டு இலைகள், எதிரெதிராக. ஒவ்வொன்றும் சுமார் 415 டன். இவ்வளவு கனத்தையும் மனிதர்கள் கையால் தூக்கினார்கள். மோட்டார் கிடையாது. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, நீண்ட இரும்புக் கம்பிகளைச் செக்குமாட்டைப் போலச் சுற்றிச் சுற்றித் தள்ள, பல்சக்கரங்கள் நகர, இலை அங்குலம் அங்குலமாக மேலே போகும். எதிர்எடை சரியாக இருந்தால் மனிதன் தூக்குவது பாலத்தை அல்ல, உராய்வையும் காற்றையும்தான்.

என் டிக்கிக் கதவிலும் இதே கணக்குத்தான். பழைய கார்களில் டிக்கியை ஏந்திப் பிடிக்கும் வாயுத் தண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். மோட்டார் வைத்த கதவில் அந்த இடத்தில் சுருள்வில்லும் திருகுத் தண்டும் சின்ன மோட்டாரும் ஒரே குழாய்க்குள் இருக்கும். கனத்தில் பெரும் பங்கை வில் ஏந்திக்கொள்ள, மோட்டார் மிச்சத்தை மட்டும் தள்ளும். வில் தளர்ந்தால் மோட்டார் திணறும். இது அப்பா சொன்ன முதல் வகை: தெம்பு இல்லாமை.

பாம்பனின் பழைய கதவு நின்றால் காரணம் எப்போதும் இந்த முதல் வகைதான். உத்தரவு போட அதில் வேறு மூளை இல்லை. கம்பியைத் தள்ளுகிறவனின் தோளுக்கே தெரிந்துவிடும், எங்கே இறுகுகிறது, எங்கே பல் தேய்ந்திருக்கிறது என்று. இயக்குவதும் அவன்தான், சோதிப்பதும் அவன்தான். காற்று அதிகமானால் நிறுத்துவதும் அவன்தான். இப்படி 1914 முதல் 2022 வரை, 108 வருடம் ஓடியது. அந்தக் கம்பியைச் சுற்றியவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

*

1964 டிசம்பர் 22 இரவு. அப்பாவுக்கு அப்போது பதினொரு வயது. பரமக்குடியில் ஓலை வேய்ந்த வீடு. “காத்து ஊளை விட்டுச்சு, கூரை போச்சு, தனுஷ்கோடி போனது ரெண்டு நாள் கழிச்சுத்தான் எங்களுக்குத் தெரியும்” என்பார். அதற்கு மேல் அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. புயலில் சுமார் 1,800 பேர் இறந்தார்கள். பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பாசஞ்சர் ரயில், தனுஷ்கோடியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் அலையில் அடித்துக்கொண்டு போனது. நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளில் யாரும் மிஞ்சவில்லை. பாலத்திலிருந்து ரயில் விழுந்தது என்று பலர் நம்புகிறார்கள். அப்படியில்லை. ரயில் போனது தீவுக்குள்ளே.

பாலமும் தனியாக அடி வாங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட இரும்பு உத்தரங்கள் கடலுக்குள் போய்விட்டன. ஆனால் நடுவில் இருந்த தூக்குப் பாலம் நின்றது. அசையாத பகுதிகள் எல்லாம் போக, அசைவதற்கென்றே செய்த பகுதி மட்டும் அசையாமல் இருந்தது.

அப்போது சாலைப் பாலம் கிடையாது. ரயில் நின்றால் தீவுக்குத் தரைவழி கிடையாது. சரிசெய்ய ரயில்வே ஆறு மாதம் கெடு வைத்தது. அது மூன்று மாதமாகக் குறைந்தது. பொறுப்பு இ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரிடம் வந்தது. பின்னாளில் கொங்கண் ரயிலும் டெல்லி மெட்ரோவும் கட்டியவர். புது உத்தரங்கள் தொலைவிலிருந்து வந்து சேரக் காத்திருக்க வேண்டும். அதற்குள் மீனவர்கள் ஒரு தகவல் சொன்னார்கள்: விழுந்த உத்தரங்கள் கடலடியில் கிடக்கின்றன. அவற்றைத் தூக்கிப் பழைய தூண்களில் மறுபடி உட்கார வைத்தார்கள். 46 நாளில் பாலத்தில் ரயில் ஓடியது.

இந்தக் கதையை ஸ்ரீதரனின் திறமைக்குச் சான்றாக எல்லோரும் சொல்கிறார்கள். சரிதான். எனக்கு அதில் பிடித்தது வேறு. பழுது பார்ப்பதில் முதல் வேலை புதுப் பாகம் வாங்குவதல்ல, பழைய பாகம் எங்கே கிடக்கிறது என்று பார்ப்பது. அந்தத் தகவல் அலுவலகத்தில் இல்லை, தினமும் அந்தத் தண்ணீரில் போய் வருகிறவர்களிடம் இருந்தது.

*

புயல் ஓர் இரவு வரும். உப்பு தினமும் வரும்.

உலகத்திலேயே இரும்பை அதிகம் அரிக்கும் இடங்களில், அமெரிக்காவின் மியாமிக்கு அடுத்தது பாம்பன் என்று ரயில்வேக்காரர்கள் சொல்வது வழக்கம். தரவரிசை எப்படியோ, அரிப்பைச் சோதிக்க இந்தக் கரையைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் இல்லை. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953இல் திறந்தது. அது மண்டபத்தில் தனி அரிப்பு ஆய்வு நிலையம் வைத்திருக்கிறது. இரும்புத் தகடுகளையும் பெயின்ட் பூச்சுகளையும் கடல்காற்றில் நிறுத்திவைத்து, எது எவ்வளவு நாள் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். கடல்காற்றில் இருக்கும் குளோரைடு, உலோகத்தின் மேல் தானாக உருவாகும் மெல்லிய காப்புப் படலத்தை உடைக்கிறது. உடைந்த இடத்தில் ஈரம் புகுகிறது. இரும்பு துருவாகும்போது தான் இருந்ததைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்தால் வெளியே கான்கிரீட் வெடிப்பது அதனால்தான். செம்பு பச்சை பூக்கும்.

பாம்பன் பாலத்துக்குப் பெயின்ட் அடிப்பது ஒரு முனையில் முடியும்போது மறுமுனையில் தொடங்கும் வேலை. மீட்டர் கேஜிலிருந்து அகல ரயில்பாதைக்கு மாற்றியபோது, 93 வயதான பாலத்தைப் பலப்படுத்தினார்கள். 2007 ஆகஸ்டில் அகலப்பாதை ரயில் வந்தது. கனமான வண்டி, கிழட்டுப் பாலம். ஊர்ந்துதான் கடக்க வேண்டும். 2013 ஜனவரியில் கடற்படையின் மிதவை ஒன்று நகர்ந்து வந்து மோதியது, அதையும் தாங்கியது. 2018 டிசம்பரில் தூக்குப் பாலப் பகுதியில் விரிசல் தெரிந்தது. ரயில் நின்றது, சரிசெய்து 2019 பிப்ரவரி கடைசியில்தான் மறுபடி விட்டார்கள்.

இதற்கிடையில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் உதவியோடு பாலத்தில் உணரிகள் பொருத்தப்பட்டன. கம்பி சுற்றியவனின் தோளுக்குத் தெரிந்ததை இப்போது கருவி அளந்து எழுதியது. அதிர்வு எவ்வளவு, இழுவை எவ்வளவு, இரும்பு எங்கே அளவுக்கு மேல் நெளிகிறது. 2022 டிசம்பர் 23 அன்று, தூக்குப் பாலத்தில் எச்சரிக்கை வந்த பிறகு, ரயில் நிறுத்தப்பட்டது. இந்த முறை அது திரும்ப வரவே இல்லை. ராமேஸ்வரம் ரயில்கள் மண்டபத்தோடு நின்றன. யாத்திரிகர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்தார்கள். இரண்டே கால் வருடம் இப்படி ஓடியது.

கவனித்தீர்களா, அன்று பாலம் விழவில்லை. கண்ணால் பார்த்தால் முந்தின நாளைப் போலவேதான் இருந்தது. 108 வருடமாகத் தெம்பு இல்லாவிட்டால் மட்டும் நிற்கப் பழகிய கதவு, முதல் முறையாக உத்தரவால் நின்றது. அந்த உத்தரவு சரியானது.

*

புதிய பாலம் 2025 ஏப்ரல் 6, ராமநவமி அன்று திறக்கப்பட்டது. நீளம் சுமார் 2.08 கிலோமீட்டர். 18.3 மீட்டர் கண்கள் 99, நடுவில் 72.5 மீட்டர் தூக்குக் கண் ஒன்று. அது ஆடும் நாற்காலி இல்லை, லிஃப்ட். இரண்டு கோபுரங்களுக்கு நடுவில், தண்டவாளம் படுத்த படுக்கையிலேயே 17 மீட்டர் மேலே போகும். பழையது திறக்க முக்கால் மணி நேரம் பிடிக்கும் என்பார்கள். இது ஐந்தரை நிமிடம்.

‘நவீனத் தொழில்நுட்பம்’ என்று சொன்னார்கள். இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்த வகைப் பெரிய பாலத்தில் முதலாவதை ஜே.ஏ.எல். வாடெல் என்பவர் கட்டினார். 1894இல், அதே சிகாகோ ஆற்றின் மேல். ஷெர்சரின் முதல் பாலத்துக்கு ஒரு வருடம் முந்தியது. அதாவது வயதில் ‘புதிய’ வகைதான் மூத்தது. ஒரே ஆற்றில் ஒரு வருட இடைவெளியில் பிறந்த இரண்டு யோசனைகள், 111 வருட இடைவெளியில் பாம்பனுக்கு வந்து பக்கத்துப் பக்கத்தில் நின்றன. கனத்தை எதிர்எடை ஏந்த வேண்டும் என்பதும் இரண்டுக்கும் பொது. புதிதாக வந்தது மோட்டாரும், எப்போது தூக்கலாம், எப்போது கூடாது என்று முடிவெடுக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியும்தான்.

லிஃப்ட் வகையில் ஷெர்சர் வகைக்கு இல்லாத ஒரு தொந்தரவு உண்டு. இரண்டு முனையும் ஒரே வேகத்தில் எழ வேண்டும், இறங்க வேண்டும். ஒரு முனை முந்தினால் பாலம் சாயும். சாய்ந்தால் கோபுரத்தின் வழிகாட்டிகளில் சிக்கும். அதனால் ஒவ்வொரு முனையும் எங்கே இருக்கிறது என்று உணரிகள் சொல்லிக்கொண்டே இருக்கும். இரண்டு கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் கட்டுப்பாட்டுப் பெட்டி நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாத பெட்டிதான் ஆபத்தான பெட்டி.

திறப்பு விழா அன்று, பிரதமர் கொடியசைத்து, ரயில் போய், கடலோரக் காவல்படைக் கப்பல் அடியில் போன பிறகு, தூக்குப் பாலத்தை இறக்குவதில் சிக்கல் வந்தது. பிறகு சரிசெய்தார்கள். அன்று முழுக்க இணையம் சிரித்தது. ஆகஸ்டில் மறுபடி நின்றபோதும் சிரித்தது. நானும் ஒரு மீமைப் பகிர்ந்தேன். இப்போது யோசித்தால் நான் கேட்டிருக்க வேண்டியது அப்பாவின் கேள்வியைத்தான். முடியாமல் நின்றதா, கூடாது என்று நின்றதா?

நின்றதே தப்பு என்று கத்துவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அடுத்த முறை நிற்காமல் இருக்க, பொறுப்பில் இருப்பவர் உணரியின் வாயை அடைத்துவிடுவார். நான் வேலை பார்த்த இடங்களில் இதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். எச்சரிக்கை அதிகம் வருகிறது என்று புகார் வந்தால், பழுதைத் தேடுவதைவிட எச்சரிக்கையை அணைப்பது சுலபம். அதே சமயம், நின்றதெல்லாம் பாதுகாப்புக்குத்தான் என்று தலையாட்டுவதும் தப்பு. 2024 நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் இந்தப் பாலத்தைச் சோதித்து, மற்ற பகுதியில் மணிக்கு 75 கிலோமீட்டர், தூக்குப் பகுதியில் 50 என்று வேகத்தைக் கட்டித்தான் அனுமதி கொடுத்தார். அரிப்புத் தடுப்பிலும் வடிவமைப்பை அங்கீகரித்த நடைமுறையிலும் குறைகளை எழுதினார். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பாலிசிலாக்ஸேன் பூச்சு எல்லாம் போட்டிருக்கிறோம், பராமரிப்பே இல்லாமல் 38 வருடம் தாங்கும், கொஞ்சம் பராமரித்தால் 58 வருடம் என்பது கட்டியவர்கள் சொன்ன கணக்கு. பழைய பாலம் 108 வருடம் ஓடியது. அதன் ரகசியம் பூச்சில் இல்லை, ஓயாமல் பூசியதில் இருந்தது. ‘பராமரிப்பே இல்லாமல்’ என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

1988இலிருந்து சாலைப் பாலம் இருக்கிறது. அக்டோபர் 2 அன்று திறந்த 2,345 மீட்டர் பாலம். படகுகள் அடியில் போய்விடும், கதவே வேண்டாம். ஆகவே ரயில் நின்றால் இன்று ராமேஸ்வரம் தனித்தீவு ஆகாது. நமக்கு இது பஸ் பிடிக்கும் தொந்தரவு மட்டும். 1964இல் இது மருந்தும் அரிசியும். ஒரு கதவு நிற்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்தக் கதவு மட்டும் தீர்மானிப்பதில்லை, வேறு வழி இருக்கிறதா என்பதும் சேர்ந்து தீர்மானிக்கிறது.

*

என் டிக்கிக் கதைக்கு வருகிறேன். கார் வாங்கிய இடத்துக்கு போன் செய்தால், மதுரைக்குக் கொண்டுவாருங்கள், பெட்டியை மாற்ற வேண்டியிருக்கும், மாற்றினால் நாற்பதாயிரம் ஆகலாம் என்றார்கள். அப்பா ராமநாதபுரத்தில் நிறுத்தச் சொன்னார். சாலையோரத்தில் ஒரு ஒர்க்‌ஷாப். கார் மின்வேலை மட்டும் பார்க்கும் ஓர் அண்ணன், ஐம்பது வயதிருக்கும்.

அவர் எதையும் கழற்றவில்லை. முதலில் பேட்டரியில் மீட்டர் வைத்தார். சரியாக இருந்தது. இன்ஜினை ஓடவிட்டு அழுத்திப் பார்த்தார். அதே ஒரு சாண். டாஷ்போர்டில் இந்தக் கதவை முடக்கும் சுவிட்சு ஒன்று உண்டு. பலர் கை பட்டு அது மாறியிருப்பது தெரியாமல் வருவார்களாம். அதையும் பார்த்தார். ஃபியூஸ் பார்த்தார். கதவைக் கையால் முழுக்க மூடி, பத்து நொடி விட்டு மறுபடி முயன்றார். சில வண்டியில் இதிலேயே கதவு தன் இருப்பிடத்தைப் புதிதாகக் கற்றுக்கொண்டு சரியாகிவிடும். ஆகவில்லை. ஓரத்தில் விரல் சிக்கினால் நிறுத்தும் ரப்பர்ப் பட்டையைத் தடவி, மணல் அடைத்திருக்கிறதா என்று துடைத்தார்.

பிறகு ஒரு சாண் ஏறி நிற்கும் நொடியில் கதவின் இரண்டு தண்டின் மேலும் கை வைத்தார், நாடி பார்ப்பதுபோல.

“ரெண்டு மோட்டாரும் நல்லாத் தள்ளுதுண்ணே. பெட்டிதான் நிறுத்துது. எதையோ பாத்துப் பயப்படுது.”

அப்பா என்னைப் பார்த்தார். சொன்னேனா என்று கேட்கவில்லை.

கூரைக்கும் கதவுக்கும் நடுவில் வயர்கள் போகும் கறுப்பு ரப்பர்க் குழலை இழுத்துவிட்டு, உள்ளே இருந்த இணைப்பைப் பிரித்தார். ஒரு முள்ளில் பச்சை பூத்திருந்தது. நான் திருவான்மியூரில் கடலிலிருந்து நானூறு மீட்டரில் குடியிருக்கிறேன். ஆறு வருடமாக வண்டி நிற்பது வெளியில்தான். அந்த முள், இடது தண்டு எவ்வளவு சுற்றியிருக்கிறது என்று பெட்டிக்குச் சொல்லும் கம்பியுடையது. வலது பக்கம் ஏறுகிறேன் என்கிறது, இடது பக்கம் பேச்சே இல்லை. ஏதோ சிக்கிக்கொண்டது, குழந்தையின் கையாகக்கூட இருக்கலாம் என்று பெட்டி முடிவுகட்டி, ஒரு சாணில் நிறுத்தி, இறக்கிவிட்டது. அதற்குத் தெரிந்தவரை அது செய்தது சரி. பழுது அதன் புத்தியில் இல்லை, அதற்கு வந்த செய்தியில் இருந்தது. நாற்பதாயிரத்துக்குப் புதுப் பெட்டி மாட்டியிருந்தாலும் அதுவும் அதே ஒரு சாணில்தான் நின்றிருக்கும்.

ஸ்ப்ரே அடித்துத் துலக்கி, நைந்த வயரை வெட்டி ஒட்டி, கிரீஸ் வைத்து, மாட்டினார். முக்கால் மணி நேரம். அறுநூறு ரூபாய். பொத்தானை அழுத்தியதும் கதவு முழுசாக எழுந்து நின்றது.

கிளம்பும்போது அந்த அண்ணன் ஒன்று சொன்னார். “சார், மாசத்துக்கு ஒரு தடவை அந்த உள் லீவரைத் தள்ளிக் கையால திறந்து மூடுங்க. பட்டனையே அமுக்கிட்டிருந்தா, ஆத்திர அவசரத்துல கைக்கு வழி தெரியாது.”

பழைய பாம்பன் பாலத்தைக் கழற்றி அப்புறப்படுத்த முடிவாகிவிட்டது. அந்தக் கம்பிகளைச் சுற்றத் தெரிந்த கைகள் கடைசித் தலைமுறை. இருந்த காலத்தில் அந்தக் கதவை இயக்கிய ஒவ்வொரு முறையும் அவர்கள் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். இனி அங்கே தொடுவதற்கு உணரிகள் இருக்கும். உணரியைத் தொட்டுப் பார்க்க யாராவது இருக்க வேண்டும்.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, அப்பா வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். நான் பின் சீட்டில் தவழ்ந்து போய் லீவரைத் தள்ளுகிறேன். முதல் தடவை நான்கு நிமிடம் ஆனது. போன மாதம் நாற்பது நொடி. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “இன்னும் குறைக்கலாம்” என்றார்.